தங்குகிறவரின் காசு

2024 ஜூனில் தம்பியின் மகளுடைய கலியாணத்துக்கு ரொறன்ரோ போயிருந்தேன். ஸ்காபரோவில் தம்பி வீடு முழுக்கச் சனம். லண்டனில் இருந்து வந்தவர்கள் நிலக்கீழ் அறையில், பிரான்சில் இருந்து வந்தவர்கள் மேல்மாடியில். எனக்கும் சின்னம்மாவுக்கும் பக்கத்து ஹொட்டேலில் இரண்டு இரவுக்கு அறை எடுத்துத் தந்தான். வெளிக்கிடுகிற காலை, கவுண்டரில் தந்த பில்லை நின்று வாசித்தேன். பதினொரு வருடமாக இலங்கையின் வன்னியில், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதிக் கரையில் ஆறு அறை கொண்ட ஒரு சின்ன விடுதியை நடத்துகிறேன். எந்த விடுதியின் பில்லைக் கண்டாலும் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் விடமாட்டேன்.

அறை வாடகைக்குக் கீழே தனியாக ஒரு வரி இருந்தது. மாநகரத் தங்குமிட வரி, 6 சதவீதம்.

“இது ஆருக்குப் போற காசடா?” என்று தம்பியைக் கேட்டேன்.

“சிற்றிக்கு அக்கா. ஹொட்டேலில படுக்கிற ஆள் குடுக்கிறது. அதில அரைவாசியை ரூரிசத்துக்கெண்டே ஒதுக்கவேணும், அப்பிடித்தான் இஞ்ச விதி.”

கலியாண வீட்டு அவசரத்தில் அவன் அதை ஒரு பெரிய விசயமாக எடுக்கவில்லை. எனக்கு அது மனதில் ஒட்டிவிட்டது. பில்லை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். இப்போதும் அது மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

பிறகு தேடி வாசித்தேன். ஒன்ராறியோ மாகாணம் தன் நகரங்களுக்கு இந்த வரியை அறவிடும் அதிகாரத்தை 2017 டிசம்பரில்தான் கொடுத்தது. ரொறன்ரோ 2018 ஏப்ரலில் 4 சதவீதத்துடன் தொடங்கி, 2023 இல் 6 ஆக்கியது. 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டச் செலவைச் சமாளிக்க, 2025 ஜூனில் இருந்து 2026 ஜூலை முடியும்வரை 8.5 சதவீதம். வரியோடு சேர்த்து மாகாணம் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தது. நகரசபை முழுவதையும் தன் பொதுப்பணப் பெட்டிக்குள் போட முடியாது. வசூலில் பாதியளவு, சுற்றுலாவை வளர்ப்பதற்கென்றே இயங்குகிற, இலாபம் பாராத ஓர் அமைப்புக்குப் போகவேண்டும். மிச்சம் நகரசபைக்கு. வந்துபோன விருந்தாளியின் காசில் ஒரு பங்கு அடுத்த விருந்தாளியை அழைப்பதற்காக எடுத்துவைக்கப்படுகிறது.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் இன்னும் இறுக்கம். அங்கே ஒரு நகரம் அறை வாடகையில் பொதுவாக 7 சதவீதம் வரை எடுக்கலாம். மாநில அரசு தனியாக 6 சதவீதம் எடுக்கிறது. நகரம் எடுக்கிற காசுக்கு இரண்டு படலை. முதலாவது: செய்யப்போகும் செலவு சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் நேரடியாக வளர்க்கவேண்டும். இரண்டாவது: அந்தச் செலவு சட்டத்தில் எழுதியிருக்கிற வகைகளில் ஒன்றுக்குள் அடங்கவேண்டும். மாநாட்டு மண்டபம், தகவல் நிலையம், விளம்பரம், கலை நிகழ்வு, பழைய கட்டடங்களைப் பேணுதல், சுற்றுலாப் பயணிகளை ஏற்றியிறக்கும் வாகனம், வழிகாட்டிப் பலகை என்று அந்த வகைகள் போகின்றன. ஊர் வீதியில் குழி விழுந்திருக்கிறது, பொலிசுக்குச் சம்பளம் குறைகிறது என்று இந்தக் காசில் கைவைக்க முடியாது. விளம்பர வேலையை வேறொரு அமைப்பிடம் ஒப்படைத்தால், அந்த அமைப்பு காசைத் தனிக் கணக்கில் வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை நகரசபைக்குக் கணக்குக் காட்டவேண்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு 2025 ஜனவரியில் வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்க எங்கள் பிரதேச சபைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையானவன். “உங்களுக்கு ஆயிரம் ரூபாதான் அன்ரி” என்று பற்றுச்சீட்டை எழுதினான்.

“இது எதில சேரும் தம்பி?”

“அனுமதிப்பத்திரக் கட்டணத்தில.”

“அதுக்குப் பிறகு?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “பிறகென்ன அன்ரி, சபையின்ர வருமானம்தானே.”

அவன் சொன்னது சரி. பேக்கரி, சலூன், மரக்காலை, தேநீர்க் கடை, என் விடுதி எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் போய்ச் சேருகின்றன. அந்த ஆயிரம் ரூபாய்க்கும் ஒரு கதை உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அனுமதிப்பத்திரக் கட்டணத்துக்கு ஓர் உச்சி வைத்திருக்கிறது. இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து 500, 750, கூடினால் 1000. ஒவ்வொரு வருடமும் சபைகள் வர்த்தமானியில் போடுகிற அறிவித்தல்களில் இதே மூன்று இலக்கங்களைத்தான் பார்க்கலாம். 1987 இல் ஆயிரம் ரூபாய் கனத்த காசு. இன்றைக்கு அது என் விடுதியில் ஓர் அறையின் ஓர் இரவு வாடகையில் கால்வாசி.

அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. சுற்றுலாச் சபையில் (இன்றைய சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில்) பதிவு செய்த விடுதி என்றால் இந்த ஆயிரம் ரூபாய் உச்சி பொருந்தாது. முந்திய வருடம் அந்த விடுதி உழைத்த மொத்தத் தொகையில் 1 சதவீதம் வரை பிரதேச சபை எடுக்கலாம். அதாவது ரொறன்ரோவுக்கு 2017 இல் கிடைத்த அதிகாரத்தின் ஒரு சின்னத் துண்டு எங்கள் சபைகளின் கையில் 1987 இலேயே இருந்திருக்கிறது. ரொறன்ரோவில் தங்குகிறவர் கொடுக்கிறார், இங்கே விடுதிக்காரர் கொடுக்கிறார். ஆனால் காசு பிறக்கிற இடம் ஒரே கட்டில்தான்.

பதிவு செய்த விடுதிக்கு இன்னொரு 1 சதவீதமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி வருகிற சுற்றுலா அபிவிருத்தி அறவீடு அது. மொத்த வருமானத்தில் கணக்கிட்டுக் கட்டவேண்டும். அந்தப் பணமும், விமான நிலையத்தில் பயணிகளிடம் எடுக்கும் வரியின் ஒரு பங்கும் கொழும்பில் ஒரு நிதியத்துக்குப் போகின்றன. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தில் உருவான அபிவிருத்தி அதிகாரசபை, ஊக்குவிப்புப் பணியகம், பயிற்சி நிறுவனம், மாநாட்டுப் பணியகம் ஆகிய நான்கும் அதில்தான் பங்கு பெறுகின்றன. ஆக, தேசிய மட்டத்தில் தனிப் பெட்டி இருக்கிறது. ஊர் மட்டத்தில்தான் இல்லை. சபைக்குப் போகிற 1 சதவீதத்தை எதற்குச் செலவழிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். 2025 இல் என் ஆறு அறைகளிலும் சேர்த்து 782 இரவுகள் போயின. சராசரி வாடகை 4000 ரூபாய். மொத்தம் 31 இலட்சத்து 28 ஆயிரம். நான் சுற்றுலாச் சபையில் பதியாதவள், ஆகவே பிரதேச சபைக்கு 1000 ரூபாய் கட்டினேன். பதிந்திருந்தால் சபைக்கு 31,280 வரை, கொழும்புக்கு இன்னொரு 31,280. வன்னியில் சின்ன விடுதிக்காரர் பலர் பதிவு என்ற பேச்சை எடுத்தாலே ஒதுங்கிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். படிவங்களும் அளவுகோல்களும் மிச்சக் காரணம். ஒதுங்குகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. கட்டுகிற காசு கண்ணுக்கு முன்னால் ஒரு பலகையாகவோ ஒரு விளக்காகவோ வந்து நின்றால் முதல் ஆளாக நான் பதிவேன்.

நவம்பரில் 2026 பாதீட்டின் வரைவைச் சபையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். 2025 மே தேர்தலுக்குப் பிறகு, தெரிவான உறுப்பினர்கள் கூடிப் போடுகிற முதல் பாதீடு இது. அதனால் எதிர்பார்ப்போடுதான் போனேன்.

வரவுப் பக்கத்தை வாசித்தால் எங்கள் சபைகள் எப்படி மூச்சுவிடுகின்றன என்பது விளங்கும். சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணத்தில் இருந்து வருகிறது. பிறகு காணி உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப் பணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை. ஆதன வரி சந்தியை அண்டிய கொஞ்ச இடத்தில்தான். அனுமதிப்பத்திரக் கட்டணம் அதற்குள் ஒரு சின்ன வரி. செலவுப் பக்கத்தில் குப்பை அள்ளும் உழவு இயந்திரம், தெருவிளக்கு, நூலகம், முன்பள்ளி, உள்வீதிகளுக்குக் கிரவல். எல்லாம் தேவையான செலவு. ஒன்றையும் வெட்டு என்று நான் கேட்கமாட்டேன். சுற்றுலா என்ற சொல் ஓர் இடத்தில்தான் வந்தது, ஊர் எல்லையில் ஒரு வரவேற்பு வளைவு கட்ட. அது எனக்குக் கவலையாக இருந்தது. வளைவைப் பார்த்து வாகனத்தைத் திருப்பி அறை கேட்டு வந்தவர் என் பதினொரு வருடத்தில் ஒருவர்கூட இல்லை.

எங்கள் பிரச்சினை வருகிறவர் குறைவு என்பதல்ல. ஏ9 வீதியில் இரவு பகலாகச் சனம் போகிறது. தெற்கில் இருந்து நாகதீப விகாரைக்குப் போகிற பஸ்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற குடும்பங்கள், வெளிநாட்டில் இருந்து வந்து வான் பிடித்து ஊர் பார்க்கிற எங்கள் பிள்ளைகள். எல்லோரும் முறிகண்டியில் இறங்குவார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு பை கச்சான் வாங்கி, பத்து நிமிடத்தில் திரும்ப ஏறிவிடுவார்கள். இரவுக்கு யாழ்ப்பாணம், இல்லாவிட்டால் அனுராதபுரம். வன்னி அவர்களுக்கு யன்னலுக்கு வெளியே ஓடுகிற காடு.

இன்னொரு பக்கம் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் கரை முழுக்கச் சனம். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிகிற கோயில் அது. மடுமாதா ஓகஸ்ற் திருநாளுக்கும் அப்படித்தான், மரத்துக்கு மரம் கூடாரம். இந்தச் சனம் விடுதிக்கு வருவதில்லை, வரவும் தேவையில்லை. கோயில் வெளியில் பாய் விரித்துப் படுப்பதும் வழிபாட்டில் ஒரு பங்கு. ஆனால் குடிதண்ணீர், மலசலகூடம், குப்பை எல்லாம் அந்தந்த ஊர்ச் சபையின் தலையில்தான் விழுகிறது. கட்டிலைக் கணக்கெடுக்கிற வரி இவர்களைக் காணாது. இந்த வரியை மட்டும் நம்பி ஒரு வன்னிச் சபை பெரிய திட்டம் போடமுடியாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

வழிப்போக்கருக்குச் செலவழிப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. அம்மம்மா மாட்டுவண்டிலில் வற்றாப்பளைக்குப் போன கதையைச் சொல்லும்போது ஊர்ப் பெயர்களைச் சொல்லமாட்டா. சுமைதாங்கி, தண்ணீர்ப் பந்தல், மாடு உரஞ்சுகிற ஆவுரோஞ்சிக்கல், மடம் என்று வழியைச் சொல்லுவா. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தன் விளைச்சலில் ஒரு பங்கை எடுத்து, தான் ஒருநாளும் காணப்போகாத ஆளுக்காக வைத்தது. தலைச்சுமைக்காரிக்கு எது வேண்டும், நடந்து களைத்த மாட்டுக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்தது. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் வாடிவீடுகள் வந்தன. எங்கள் ஆட்கள் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தால் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, காசு எவ்வளவு வரும்? எங்கள் சபை எல்லைக்குள் என் விடுதியைப் போல் நான் அறிந்தது பத்து. எல்லோரும் என் அளவுக்கு உழைத்து, எல்லோரும் பதிந்து, சபையும் முழு 1 சதவீதத்தை எடுத்தால் வருடத்துக்கு மூன்று இலட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதை வைத்து மண்டபம் கட்டமுடியாது. இலண்டனிலும் பேர்லினிலும் நடக்கிற சுற்றுலாச் சந்தைகளில் கடை போடுவது கொழும்பின் வேலை. அந்தச் சுவரொட்டிகளில் சிகிரியாவும் எல்லவும் வரும். எங்கள் இரணைமடுக் குளம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. எங்கள் காசு ஒரேயொரு கேள்விக்குப் பதில் தேடவேண்டும்: யாழ்ப்பாணம் போகிற ஒரு குடும்பம் எதற்காக ஓர் இரவு இங்கே படுக்கவேண்டும்?

பதில் விடியற்காலையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும் இருக்கிறது. பகல் பத்து மணி வெயிலில் வன்னியைப் பார்க்கிறவருக்கு அது விளங்காது. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் விடிய ஐந்தரைக்கு நிற்கவேண்டும். மாரி முடிந்த கையோடு தண்ணீர் முட்டி நிற்க, கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். சுண்டிக்குளத்தில் புலம்பெயர் பறவைகள் வருகிற மாதங்களில் கரையெல்லாம் நிறம் மாறும். பின்னேரம் நந்திக்கடல் இறால் வரும். கறியாக்கிச் சுடச்சுடக் குரக்கன் பிட்டோடு வைத்தால், கொழும்பில் இருந்து வந்தவர்கள் அடுத்த நாளும் அதையே கேட்பார்கள். கோடையில் பாலைப்பழம், காட்டுத் தேன், எருமைத் தயிர். இதற்கெல்லாம் ஓர் இரவு தேவை.

அந்த இரவைக் கொண்டுவர மூன்று இலட்சத்தில் என்ன செய்யலாம்? நான் முதலில் பலகை வைப்பேன். ஏ9 இல் இருந்து குளத்துக்கு, கோயிலுக்கு, கடலுக்கு எவ்வளவு தூரம், எந்த நேரம் நல்லது என்று மூன்று மொழியிலும், எழுத்துப் பிழை இல்லாமல். இப்போது தமிழ்ப் பலகைகளிலேயே பிழை. பிறகு மலசலகூடம். கட்டுவதற்குத் திட்டம் வரும், நன்கொடையாளர் வருவார். கட்டி ஆறு மாதத்தில் பூட்டுப்போட்டுக் கிடக்கும். காரணம், கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பிலும் இல்லை. பயணம் செய்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் வைப்பேன். மிச்சத்தில் பத்து இளைஞருக்குப் பறவைகளின் பெயரும் கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும் படிப்பிக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. காடு வனத் திணைக்களத்தினது. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தினது. கட்டிலில் இருந்து காசு எடுக்கிற சபைக்கு, அந்தக் கட்டிலுக்கு ஆளைக் கொண்டுவருகிற இடங்களில் ஒரு வாங்கு வைக்கவும் கடிதம் எழுதி அனுமதி எடுக்கவேண்டும். அதற்காகவும்தான் தனித் தலைப்பு வேண்டும் என்கிறேன். கையில் ஒதுக்கிய காசோடு போய்ப் பேசுகிற சபைக்கும், வெறுங்கையோடு போகிற சபைக்கும் திணைக்களக் கதவு ஒரே மாதிரித் திறப்பதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். போர் முடிந்த முதல் வருடங்களில் வன்னிக்கு ஒரு விதமான சுற்றுலா வந்தது. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுத்தார்கள். பக்கத்தில் நினைவுப்பொருள் விற்கிற கடையும் இருந்தது. அந்த நாட்களில் அதைக் கடந்து போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். எங்கள் இழப்பை யார் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று எங்களைக் கேட்காமலே முடிவெடுத்திருந்தார்கள். முள்ளிவாய்க்காலுக்கு மே மாதம் வருகிற சனம் சுற்றுலாப் பயணிகள் அல்ல. அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கொடுப்பது வேறு கடமை, வேறு கணக்கு. தங்குமிடக் காசில் ஒரு சதமும் துக்கத்தைக் காட்சிப்பொருளாக்கப் போகக்கூடாது. ரெக்சாஸ்காரர் செலவு வகைகளைச் சட்டத்தில் எழுதிவைத்ததைப்போல, நாங்கள் எதற்குச் செலவழிக்கமாட்டோம் என்பதையும் எழுதிவைக்கவேண்டும். அப்படி எழுதுவதற்குரிய இடம் பிரதேச சபைதான். அங்கே கை உயர்த்துகிற உறுப்பினர் என் தெருவில் இருக்கிறவர், அவரும் அந்த மே மாதத்தைக் கண்டவர்.

பாதீட்டு வரைவுக்குக் கருத்துச் சொல்ல அவகாசம் இருந்தபடியால் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று விசயம்தான் கேட்டேன். விடுதிகளில் இருந்து வருகிற கட்டணத்தை வரவுப் பக்கத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். அதே தொகையை, அது எவ்வளவு சின்னதானாலும், செலவுப் பக்கத்தில் பயணிகள் வசதி என்ற தனித் தலைப்பில் போடுங்கள். வருடம் முடிய அந்தத் தலைப்பில் என்ன செலவானது என்று ஒரு கடுதாசியில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கொழும்பின் கையொப்பம் வேண்டாம். சபை கூடித் தீர்மானித்தால் காணும். அலுவலர் கடிதத்தை வாங்கி, திகதி முத்திரை குத்தி, பிரதியைத் தந்தார். “நல்ல விசயம் அக்கா, கூட்டத்தில வைக்கிறம்” என்றார். இந்தமுறை பாதீட்டில் அது வரவில்லை. வளைவு வந்தது. அடுத்த நவம்பருக்குத் திரும்பப் போவேன். மற்ற விடுதிக்காரரில் நான்கு பேர் கையொப்பம் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். 2025 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு இரவுக்கும் வாடகையில் 1 சதவீதத்தை எழுதிவருகிறேன். யாரும் கேட்கவில்லை. மேலே சொன்ன 782 இரவும் 31,280 ரூபாயும் அந்தக் கொப்பியில் இருந்து எடுத்ததுதான். அந்தக் காசில் இருந்து முதற் செலவாக என் படலைக்குப் பக்கத்தில் இரணைமடுவுக்கு வழிகாட்டும் பலகை ஒன்று வைத்தேன். சிங்கள எழுத்தை வவுனியாவில் ஓர் ஆசிரியை சரிபார்த்துத் தந்தா.

2026 ஜனவரியில் மாத்தறையில் இருந்து நாகதீபத்துக்குப் போகிற ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கி ஓர் இரவு தங்கியது. தகப்பன், தாய், எட்டு வயது மகன். படலையடியில் பலகையைப் பார்த்துவிட்டு, குளம் எவ்வளவு தூரம் என்று தாய் கேட்டா. விடிய ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். ஏழரைக்குத் திரும்பி வந்தார்கள். பெடியன் பறவைகளை எண்ணி எண்பத்தேழு வரைக்கும் வந்து, பிறகு அவை பறந்துவிட்டனவாம். நாளைக்கும் போய் மிச்சத்தை எண்ணவேண்டும் என்று அடம்பிடித்தான். தகப்பன் சிரித்துக்கொண்டு அறைத் திறப்பைத் திரும்ப வாங்கினார். அன்றிரவு கொப்பியில் எழுதினேன்: 3 ஆம் அறை, இரண்டாவது இரவு, 40 ரூபாய்.